ஒரே பாட்டு, இரண்டு வயது

லண்டனுக்கு வடமேற்கே, ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதுநகரமாக விரிவாக்கப்பட்ட ஊர் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட். அங்கே தன் வீட்டு அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்த ஸ்டீவன் வில்சன் என்ற இளைஞர் 1993 ஜூனில் 'அப் த டவுன்ஸ்டேர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கிதார், கீபோர்டு, குரல் என்று ஏறக்குறைய எல்லாமே அவர்தான். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. அந்த வேலையை டிரம் மெஷின் செய்தது. 2005இல் அதே ஆல்பம் அதே பெயரில் மறுபதிப்பாக வந்தது. மெஷின் தட்டிய இடங்களில் இப்போது கேவின் ஹாரிசன் என்ற டிரம்மர் வாசித்திருந்தார். மற்ற வாசிப்புகளைப் பழைய பதிவிலிருந்து எடுத்து, வில்சனே புதிதாக மிக்ஸ் செய்திருந்தார். முதல் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது 25. இரண்டாவது வந்தபோது 37.

பாட்டுகள் அவையேதான். மெட்டும் சொல்லும் மாறவில்லை. இருந்தும் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்கிறவருக்கு ஒரே மனிதரின் இரண்டு பருவங்கள் தனித்தனியே தெரியும். வீட்டில் பதிவு செய்த பழைய ஆல்பத்தைத் திரும்ப எடுத்துச் சீர்செய்து வெளியிடுவது இன்று பல இசைக்கலைஞர்கள் செய்யும் வேலை. அதில் கிடைப்பது என்ன, போவது என்ன என்று பார்க்க வில்சனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஏனென்றால் பின்னாளில் பிறருடைய பழைய ஆல்பங்களை மறுமிக்ஸ் செய்வதில் உலகம் அறிந்த பெயரானவரும் அவரே.

வில்சனின் தந்தை ஒரு மின்னணுப் பொறியாளர். மகனுக்கு இசைக்கருவிகளோடு விளையாடும் ஆசை வந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடங்களைப் பதிவு செய்யக்கூடிய டேப் மெஷினை அவரே செய்து கொடுத்தார். குரலைக் கீபோர்டோடு இணைத்து உருமாற்றும் வோகோடர் கருவியையும் அவரே உருவாக்கித் தந்தார். 1987இல் வில்சன் தன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து போர்க்குபைன் ட்ரீ என்ற குழுவைக் கற்பனையாக உருவாக்கினார். இல்லாத உறுப்பினர்களுக்குப் பெயர் வைத்தார்கள். வராத இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் போட்டார்கள். நடக்காத வரலாற்றை எழுதினார்கள். அந்தக் கற்பனைக்குச் சான்றாகச் சில பாட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை வில்சன் தனியாகவே வாசித்துப் பதிவு செய்தார். 1989இல் 'டார்க்வின்ஸ் சீவீட் ஃபார்ம்' என்ற 80 நிமிடக் கேசட் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொரு கேசட். இசை ஆர்வலர்கள் சிலருக்கு மட்டும் அனுப்பப்பட்ட பிரதிகள் அவை.

கேசட்டைக் கேட்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், டெலிரியம் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டு கேசட்டுகளிலிருந்தும் தேர்ந்தெடுத்த பாட்டுகள் 1992இல் 'ஆன் த சண்டே ஆஃப் லைஃப்' என்ற ஆல்பமாயின. முதலில் அச்சடித்தது 1,000 பிரதிகள். அடுத்த ஆண்டு வந்ததுதான் 'அப் த டவுன்ஸ்டேர்'. 1993 டிசம்பரில் மேடையேற வேண்டி வந்தபோதுதான் கற்பனைக் குழுவுக்கு நிஜ ஆட்கள் சேர்ந்தார்கள்: கீபோர்டில் ரிச்சர்ட் பார்பியேரி, பேஸ் கிதாரில் காலின் எட்வின், டிரம்ஸில் கிறிஸ் மைட்லண்ட். அதுவரை போர்க்குபைன் ட்ரீ என்றால் ஓர் அறையும் அதற்குள் ஓர் ஆளும்தான்.

அந்தக் காலத்தின் வீட்டுப் பதிவு எப்படி நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1979இல் டீயாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வழக்கமான கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், இரு பக்கமும் சேர்த்து நான்கு. இந்தப் பெட்டி நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டது. ஒலி தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக டேப்பின் வேகத்தையும், நொடிக்கு 4.76 சென்டிமீட்டரிலிருந்து 9.5 சென்டிமீட்டராக, இரட்டிப்பாக்கியது. விளைவாக, 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே பதிவு செய்ய முடிந்தது. ஆனால் ஒரு மனிதர் தன் சமையலறை மேசையிலேயே கிதார் வாசித்து, அதன்மேல் பாடி, அதன்மேல் இன்னொரு குரல் சேர்க்க முடிந்தது. அதற்கு முன் இது வாடகைக்கு ஸ்டூடியோ எடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கிட்டிய வசதி.

நான்கு ட்ராக்கும் நிரம்பிவிட்டால் வேறொரு வழி இருந்தது. மூன்று ட்ராக்குகளைக் கலந்து நான்காவதில் ஒன்றாகப் பதிவு செய்துகொண்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்துவது. இப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும் டேப் இரைச்சல் கூடியது, உச்ச ஸ்வரங்களின் பளிச்சென்ற தன்மை கொஞ்சம் மங்கியது. அதைவிட முக்கியம், அந்தக் கலவை அங்கேயே உறைந்துவிடும். கிதாரின் ஓசை அதிகம் என்று மறுநாள் தோன்றினாலும் பிரித்தெடுக்க முடியாது. எனவே வாசிப்பதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியிருந்தது. எடுத்த முடிவோடு வாழவும் வேண்டியிருந்தது. வசதி பெருகி, பெட்டிகள் 8 ட்ராக், 16 ட்ராக் என்று வளர்ந்த பிறகும் வீட்டில் பதிவு செய்தவர்களின் மனம் நெடுநாள் இந்தக் கணக்கிலேயே இயங்கியது.

டிரம்ஸ் மட்டும் எந்தப் பெட்டிக்கும் அடங்காத சிக்கல். கிதாரை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் வாசிக்கலாம். டிரம்ஸ் செட்டை வீட்டு அறையில் வைத்தால் தெருவே விழிக்கும். அதைப் பதிவு செய்யக் குறைந்தது நான்கைந்து மைக் வேண்டும், ஒலி விரியக் கொஞ்சம் பெரிய கூடமும் வேண்டும். டிரம் மெஷின் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அன்றைய மெஷினில் ஒவ்வொரு அடியும் ஒரே பதிவின் நகல். முதல் அடிக்கும் நூறாவது அடிக்கும் வித்தியாசம் இருக்காது. சிம்பலின் ஓசை தானாக அடங்குவதற்கு முன் வெட்டப்பட்டதுபோல் நிற்கும்.

இனி 2005இன் பக்கம். கேவின் ஹாரிசன் 2002இல் போர்க்குபைன் ட்ரீயில் சேர்ந்தார். அந்த ஆண்டு வந்த 'இன் அப்சென்ஷியா' ஆல்பத்தைக் குழு நியூயார்க்கின் அவதார் ஸ்டூடியோஸில் பதிவு செய்தது. வெளியிட்டது பெரிய அமெரிக்க நிறுவனம். ஆயிரம் பிரதிகளில் தொடங்கிய பெயர் இப்போது பல நாடுகளின் அரங்குகளில் தெரிந்த பெயர். ஹாரிசனோ தாளத்தின் நுட்பங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஒரே தாளத்தைக் கேட்பவரின் காதுக்கு வேறு தாளம்போல் தோன்றச் செய்யும் கணக்குகளில் ஊறியவர். பழைய ஆல்பத்தின் மெஷின் ஒலி வில்சனுக்கு நெருடியிருந்தால் வியப்பில்லை. பக்கத்திலேயே இப்படி ஒரு டிரம்மர் இருக்கும்போது சீர்செய்யும் எண்ணமும் இயல்பானதே.

சீர்செய்ததில் கிடைத்தது நிறைய. 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'பர்னிங் ஸ்கை'யை எடுத்துக்கொள்ளலாம். முழுக்கக் கருவியிசையாலான அந்தப் பாட்டில் கிதார் மெல்லத் தொடங்கி, பொங்கி, தணிந்து, மறுபடி பொங்குகிறது. 1993இல் கிதார் பொங்கும்போது மெஷினும் கூடவே பொங்கியதில்லை. அது தன் அளவிலேயே தட்டிக்கொண்டிருந்தது. 2005இல் டிரம்ஸ் கிதாரைக் கேட்டு வாசிக்கிறது. ஸ்னேரின்மேல் காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லிய தட்டல்கள் விழுகின்றன. சிம்பல் தன் போக்கில் ஒலித்து அடங்குகிறது. புதிய மிக்ஸில் கீழ்ச்சுருதி உறுதியாக நிற்கிறது, கருவிகள் ஒன்றையொன்று மறைக்காமல் விலகி நிற்கின்றன. இசை என்ற வகையில் இது தேர்ச்சியான பதிப்பு.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிதாரும் கீபோர்டும் மெஷினின் தாளத்துக்கு வாசிக்கப்பட்டவை. அவற்றை மாற்றாமல் டிரம்ஸை மட்டும் மாற்றுகிறவர், அந்த மெஷின் வகுத்த காலப்பிரமாணத்துக்குள்தான் வாசித்தாக வேண்டும். பாட்டு சூடேறும்போது மனிதர்கள் இயல்பாகவே கொஞ்சம் விரைவார்கள். சேர்ந்து வாசிக்கும் குழுவில் எல்லோரும் ஒன்றாக விரைவார்கள். இங்கே அதற்கு இடமில்லை. மெஷினின் ஓசை போனது, அதன் காலம் மட்டும் தங்கிவிட்டது. பதிவுக்குள் இருக்கும் இரண்டு மனிதர்களும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்ததில்லை. 12 ஆண்டு இடைவெளியில் ஒருவர் வாசித்ததை மற்றவர் கேட்டு வாசிக்கிறார். மற்றவர் வாசிப்பது முதலாமவருக்குக் கேட்கவே போவதில்லை.

போனது என்ன? முதலில், ஆண்டு போனது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இளைஞர்கள் டிரான்ஸ், ஆம்பியன்ட் என்ற மின்னணு இசைகளில் திளைத்திருந்தார்கள். ஒரே தாளம் மாறாமல் நெடுநேரம் திரும்பத் திரும்ப வருவது அந்த இசையின் குறை இல்லை, அதன் வழியே அதுதான். வில்சனும் அதைக் கேட்டுவந்தார். 1992இல் அவர் வெளியிட்ட, அரை மணி நேரம் ஓடும் 'வாயேஜ் 34' அந்தப் பாதிப்பை வெளிப்படையாகவே காட்டுகிறது. முதலில் அது 'அப் த டவுன்ஸ்டேர்' ஆல்பத்தோடு சேர்ந்து ஒரே இரட்டை ஆல்பமாக வரவேண்டியது. அந்தப் பின்னணியில் கேட்டால் 1993இன் மெஷின், வேறு வழியில்லாமல் வைத்த மாற்று மட்டும் இல்லை. பழைய சைகடெலிக் ராக்கையும் அன்றைய நடனக்கூட இசையையும் ஓர் அறைக்குள் ஒன்றுசேர்த்த ஒலி அது. திறமான டிரம்மர் வந்ததும் ஆல்பம் ராக் மரபின் பக்கம் சாய்ந்தது. எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லும் அடையாளம் மங்கியது.

இரண்டாவதாக, தனிமை போனது. கூட வாசிக்க ஆள் இல்லாத ஓர் இளைஞர், ஒரு முழுக் குழுவையே தனக்குள் கேட்டு, அதைக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வெளியே கொண்டுவரப் பார்க்கிறார். கிதார் எவ்வளவு எட்டினாலும் அதற்கு மறுமொழி வராத ஓர் ஆளரவமற்ற தன்மை அந்தப் பதிவில் இருந்தது. அது திட்டமிட்டு வைத்த உணர்வாக இருந்திருக்காது. ஆனாலும் கேட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. புதிய பதிப்பில் கிதாருக்குத் துணை கிடைத்துவிட்டது. துணை கிடைத்ததைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தனிமையை வேறெங்கும் போய்க் கேட்கவும் முடியாது.

2005இன் வெளியீட்டில் இரண்டு குறுந்தகடுகள். ஒன்றில் சீர்செய்த ஆல்பம். மற்றதில், அந்த ஆல்பத்துக்கென்று உருவாகி 1994இல் தனியே வந்திருந்த 'ஸ்டேர்கேஸ் இன்ஃபினிட்டீஸ்'. 1993இன் மிக்ஸ் அதில் இல்லை. புதியது பழையதன் இடத்தில் வந்து அமர்ந்தது.

2009 தொடங்கி வில்சனின் வேலையில் இன்னொரு கிளை விரிந்தது. கிங் கிரிம்சன் குழுவின் பழைய ஆல்பங்களை, குழுவின் ராபர்ட் ஃபிரிப்போடு சேர்ந்து அவர் மறுமிக்ஸ் செய்யத் தொடங்கினார். பின் ஜெத்ரோ டல், யெஸ், எக்ஸ்.டி.சி., ஜென்டில் ஜயண்ட், டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்று பட்டியல் நீண்டது. 1969இன் ஆல்பமும் 1985இன் ஆல்பமும் அவருடைய வீட்டுக் கணினிக்கு வந்தன. அன்று ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டின் ஓர் அறையில் இத்தகைய ஆல்பங்களைக் கேட்டுக் கேட்டுத் தொழில் கற்றவரிடம், இன்று அவற்றின் மூலப் பதிவுகளே வந்து சேர்ந்தன.

இந்த வேலை நடக்கும் விதம் இது. காப்பகத்திலிருந்து பழைய மல்டிட்ராக் டேப்பை எடுக்கிறார்கள். 1970களின் டேப்புகள் பலவற்றில் காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உதிர்ந்து பதிவே போய்விடும். எனவே ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை இறக்கி, பிறகு ஓட்டி, ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனிக் கணினிக் கோப்பாக மாற்றுகிறார்கள். கோப்புகள் கைக்கு வந்ததும் வில்சன் முதலில் செய்வது பழைய மிக்ஸைத் திரும்பக் கட்டுவது. குரல் எந்தப் பக்கம் நிற்கிறது, எதிரொலி எத்தனை நீளம், எந்த நொடியில் கிதார் தணிகிறது என்று பழையதைக் கேட்டுக் கேட்டு அதன் அருகில் வருகிறார். அதன் பிறகே தெளிவைக் கூட்டுகிறார், மங்கலை விலக்குகிறார். ஐம்பது ஆண்டுகளாக மக்கள் நேசித்துக் கேட்ட ஒன்றை மாற்றக் கூடாது என்பது இந்த வேலையில் அவர் கடைப்பிடிக்கும் நெறி.

அதில் கிடைத்த நன்மை கண்கூடு. ஜெத்ரோ டல்லின் 'அக்குவாலங்' 1971இல் வந்தபோதே அதன் ஒலி மங்கல் என்ற குறை இருந்தது. 2011இல் வில்சனின் மிக்ஸ் வந்தபோது, அந்த ஆல்பத்தை வாழ்நாள் முழுக்க அறிந்தவர்களுக்கும் அதுவரை கேட்காத கருவிகள் கேட்டன. யாரும் எதையும் புதிதாக வாசித்துச் சேர்க்கவில்லை. எல்லாமே அன்றே டேப்பில் இருந்தவை. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தை 2009இல் மிக்ஸ் செய்த வில்சன், பத்தாண்டு கழித்து, 2019இல் மறுபடி மிக்ஸ் செய்தார். கூடவே இன்னொரு நல்ல பழக்கமும் அந்த வெளியீடுகளில் ஊன்றியது. புதிய மிக்ஸோடு பழைய மிக்ஸையும் அதே பெட்டியில் சேர்த்துத் தருவது. கேட்பவர் இரண்டையும் ஒப்பிடலாம். வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் என் மனம் நிற்கிறது. ஃபிரிப்பின் இளமைக்கும் ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சனின் இளமைக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுத்த கைகள், தன் இளமையின் பதிவை எடுத்தபோது டிரம்ஸையே மாற்றின. தன்னுடையதை மாற்றும் உரிமை அவருக்கு முழுக்க உண்டு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிறர் செய்ததன்முன் நமக்குத் தானாக வரும் பணிவு, நாமே செய்ததன்முன் வருவதில்லை. பிறர் ஆல்பத்தில் குறையாகக் கேட்பதைக் காலத்தின் தன்மை என்று ஏற்கிறோம். நம் ஆல்பத்தில் அதே குறை கேட்டால் வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு செய்யும் திருத்தத்துக்கு இரக்கம் குறைவு.

தன் பழைய பதிவை என்ன செய்வது என்ற இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லீஸ்பர்க்கைச் சேர்ந்த வில் டொலிடோ 2010இல் இணையத்தில் தன் பாட்டுகளை வெளியிடத் தொடங்கினார். வீட்டில் சத்தமாகப் பாட முடியாததால் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, முன்னிருக்கையின் தலைசாய்ப்பைப் பார்த்தபடி பாடினார். குழுவுக்கு வைத்த பெயரே 'கார் சீட் ஹெட்ரெஸ்ட்'. 2011 நவம்பரில் 'ட்வின் ஃபேண்டஸி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 19. ஒரு பதின்பருவக் காதலைப் பற்றிய அந்த ஆல்பத்தில் குரல் சிதைந்து கேட்கிறது, கிதாரும் டிரம்ஸும் ஒன்றில் ஒன்று கரைகின்றன, சில வரிகளைக் கூர்ந்து கேட்டாலும் பிடிக்க முடிவதில்லை. விளம்பரமே இல்லாமல், கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்லிச் சொல்லியே அது பரவியது.

2015இல் மேட்டடோர் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 'ட்வின் ஃபேண்டஸி' முற்றுப்பெறாத வேலை என்று நினைத்திருந்த டொலிடோ, அதை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை புதிதாகப் பதிவு செய்து 2018 பிப்ரவரியில் வெளியிட்டார். அன்று ஒருவர், இன்று நால்வர் கொண்ட குழு. அன்று மடிக்கணினியும் காரும், இன்று சியாட்டிலின் ஸ்டூடியோ. 10 நிமிடத்தைச் சற்றே தாண்டியிருந்த ஒரு பாட்டு 16 நிமிடமாக வளர்ந்தது. இன்னொரு பாட்டில், இவரைப் போல் குரல் வேண்டும், அவரைப் போல் மேடைத் தோரணை வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் இடத்தில் இருந்த இரண்டு இசைக்கலைஞர்களின் பெயர்கள் மாறின. 19 வயதில் ஒருவர் யாரைப் போல் ஆக ஆசைப்பட்டார், 25 வயதில் யாரைப் போல் ஆக ஆசைப்பட்டார் என்பதை அந்தப் பெயர் மாற்றமே சொல்லிவிடுகிறது.

சொற்கள் தெளிவாகக் கேட்பது புதிய பதிப்பின் பெரிய பேறு. பாட்டின் கட்டுமானம் எவ்வளவு கவனமானது என்பது அப்போதுதான் புரிகிறது. இழப்பும் அங்கேயே இருக்கிறது. பழைய பதிவில் பாடுகிறவர் அந்தக் காதலுக்குள் இருக்கிறார், அது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியாது. புதிய பதிவில் பாடுகிறவர் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார், நினைத்துப் பாடுகிறார். ஆனால் டொலிடோ ஒன்று செய்தார். பழையதை அகற்றவில்லை. புதியதற்கு 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்றும் பழையதற்கு 'மிரர் டு மிரர்' என்றும் துணைப்பெயர் சேர்த்து இரண்டையும் கிடைக்கும்படி வைத்தார். அதே 2018இல் பழைய பதிப்பு முதன்முறையாக இசைத்தட்டாகவும் அச்சேறியது. காரின் பின்னிருக்கையில் பாடியவருக்கும் அலமாரியில் ஓர் இடம் கிடைத்தது.

மூன்றாவது பதில் இவர்கள் இருவருக்கும் முந்தையது. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், முன்பு சொன்ன அதே போர்ட்டாஸ்டூடியோ 144 பெட்டியையும் இரண்டு மைக்குகளையும் வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரிப் பதிவு என்பதே நோக்கம். அதைச் சாதாரண பேனசோனிக் கேசட் ரெக்கார்டரில் இறக்கி, உறைகூட இல்லாத அந்தக் கேசட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் முழுக் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். ஒலி சிறந்தது, பாட்டு தளர்ந்தது. வீட்டுப் பதிவையே வெளியிடுவதென்று முடிவானது. அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டு வெட்டப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். 1982 செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' வந்தது.

இருபது ஆண்டு கழித்து போர்க்குபைன் ட்ரீ 'இன் அப்சென்ஷியா'வைப் பதிவு செய்த அவதார் ஸ்டூடியோஸ், அதே பவர் ஸ்டேஷன்தான். பெயர் மட்டும் மாறியிருந்தது. வீட்டுப் பதிவை விட்டு வெளியே வந்த ஒருவரும், வீட்டுப் பதிவுக்கே திரும்பிப் போன ஒருவரும் ஒரே கூடத்தின் வழியே கடந்திருக்கிறார்கள். குழுவோடு வாசித்த அந்தப் பதிவுகள் 43 ஆண்டுகள் வெளிவரவில்லை. 2025 அக்டோபரில், விரிவாக்கப்பட்ட மறுபதிப்பின் ஒரு பகுதியாக அவை வந்தன. முதலில் வந்ததற்கு மாற்றாக வரவில்லை, அதன் பக்கத்தில் வந்தன. இப்போது கேட்கிறவர், 1982இன் தேர்வு ஏன் சரி என்பதைத் தன் காதாலேயே அறிந்துகொள்ளலாம்.

இன்று வீட்டில் பதிவு செய்கிறவருக்கு நான்கு ட்ராக் என்ற எல்லை இல்லை. கணினியில் நூறு ட்ராக் திறக்கலாம். எந்த முடிவையும் மறுநாள் மாற்றலாம். பழைய வாசிப்பில் தாளம் பிசகிய இடத்தை மட்டும் நகர்த்தி வைக்கலாம். கலந்துபோன ஒரே பதிவிலிருந்து குரலையும் டிரம்ஸையும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கூட வந்துவிட்டது. உறைந்த கலவை என்று முன்னர் சொன்னதும் இன்று இளகுகிறது. இதனால் எத்தனையோ நல்ல இசை மீண்டிருக்கிறது. அதே வேளையில், முடிந்தது என்று எழுந்துபோகும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. ஐம்பது ஆண்டுப் பழைய டேப்பை உலர்த்தி ஓட்டினால் இன்றும் பேசுகிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் கணினியில் செய்த பதிவைத் திறக்கப் போனால், அதைத் திறக்கும் மென்பொருளின் பதிப்பு இல்லை; அதில் பயன்படுத்திய எதிரொலி நிரலை எழுதிய நிறுவனமே இல்லை. எனவே இன்று பதிவு செய்கிறவர் ஒவ்வொரு ட்ராக்கையும், எந்த மென்பொருளையும் சாராத சாதாரண ஒலிக் கோப்பாக, தொடக்கம் முதல் முடிவு வரை நீளமாக எழுதி, ஆண்டு குறித்து வைப்பது நல்லது. பின்னாளில் மறுமிக்ஸ் செய்யவும் அது உதவும். மறுமிக்ஸ் செய்யாமல் அப்படியே கேட்கவும் உதவும்.

வில்சனின் 2005 பதிப்பை நான் விரும்பிக் கேட்கிறேன். ஹாரிசனின் கைகள் இல்லாத 'பர்னிங் ஸ்கை' இப்போது எனக்குக் குறைப்பட்டதாகவே ஒலிக்கும். ஆனாலும் 25 வயதில் மெஷினைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தவரை, 37 வயதுக்காரர் தன் சொத்தாக மட்டும் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அத்தனை ஆண்டுக்குப் பின் அந்த இளைஞரும் அவருக்கு வேறொருவர்தான். ஃபிரிப்பைப் போல, ஆண்டர்சனைப் போல, மரியாதைக்குரிய இன்னொரு கலைஞர். பழைய ஆல்பத்தைத் திரும்ப எடுக்கிறவர்கள் சீர்செய்யட்டும், மறுபடி வாசிக்கட்டும், வேண்டுமானால் சொல்லையும் மாற்றட்டும். அதே உறைக்குள் முதல் பதிவையும், அது பிறந்த ஆண்டோடு, வைக்கட்டும். கேட்பவருக்கு இரண்டு வயதும் வேண்டும்.